வயலின் ஒலித்தும் யாரும் நிற்காதது ஏன்? தெரு இசையும் வழிப்போக்கர்களும்

உலகப் புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஒருவர் மெட்ரோ நிலையத்தில் வாசித்தார், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கடந்து போனார்கள், நின்று கேட்டவர்கள் ஏழே பேர். இந்தச் செய்தி பல ஆண்டுகளாக வாட்ஸாப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. முடிவில் தவறாமல் ஒரு கேள்வியும் இருக்கும்: இவ்வளவு உயர்ந்த இசையையே கவனிக்காத நாம், வாழ்க்கையில் இன்னும் எத்தனை அழகைத் தவறவிடுகிறோம்?

சம்பவம் உண்மைதான். எண்களும் சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தப்பு. மனிதர்களுக்கு ரசனை செத்துவிட்டது என்பதற்கு அந்தச் சம்பவம் ஆதாரமே ஆகாது. பொது இடத்தில் ஒருவர் இசைக்கு நிற்பதும் நிற்காததும் அவருடைய காதைவிட அவருடைய கடிகாரம், அவர் நடக்கும் பாதை, சுற்றியிருக்கும் மற்றவர்கள் ஆகியவற்றைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் போனால் இரண்டு தரப்புக்கும் அநியாயம் நடக்கிறது. வழிப்போக்கரை ரசனையில்லாதவர் என்கிறோம். தெருவில் வாசிப்பவரோ, யாரும் நிற்காததைத் தன் திறமைக்குக் கிடைத்த தீர்ப்பு என்று எடுத்துக்கொள்கிறார்.

அன்று காலை நடந்தது என்ன?

2007 ஜனவரி 12, வெள்ளிக்கிழமை. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் லான்ஃபான்ட் பிளாசா மெட்ரோ நிலையம். சுற்றிலும் மத்திய அரசு அலுவலகங்கள். காலை 7.51 மணிக்கு, எஸ்கலேட்டர் வந்து சேரும் கூடத்தில், ஒரு குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், ஜீன்ஸும் பேஸ்பால் தொப்பியும் அணிந்த ஒருவர் வயலினை எடுத்தார். திறந்த பெட்டியைக் காலடியில் வைத்து, அதில் சில டாலர்களையும் கொஞ்சம் சில்லறையையும் தானே போட்டுக்கொண்டார். பிறகு வாசிக்க ஆரம்பித்தார்.

அவர் ஜோஷுவா பெல். மூன்று நாள் முன்புதான் பாஸ்டன் சிம்பொனி அரங்கை நிறைத்துக் கச்சேரி செய்திருந்தார். அங்கே ஓரளவு நல்ல இருக்கைக்கு 100 டாலர். கையில் இருந்தது புகழ்பெற்ற இத்தாலிய வயலின் தயாரிப்பாளர் ஸ்ட்ராடிவேரி 1713-இல் செய்த வயலின், விலை சுமார் 35 லட்சம் டாலர் என்று சொல்லப்பட்டது. ஏற்பாடு செய்தது 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ். அதைப் பற்றி எழுதிய ஜீன் வைன்கார்டனுக்கு 2008-இல் அமெரிக்க இதழியலின் உயரிய விருதான புலிட்சர் பரிசு கிடைத்தது.

பெல் 43 நிமிடம் வாசித்தார். கடந்து போனவர்கள் 1,097 பேர். குறைந்தது ஒரு நிமிடமாவது நின்றவர்கள் 7 பேர். பணம் போட்டவர்கள் 27 பேர். பெட்டியில் சேர்ந்தது 32 டாலர் 17 சென்ட். கடைசியில் ஒரு பெண்மணி அவரை அடையாளம் கண்டு 20 டாலர் போட்டார். யாரென்று தெரிந்து போட்ட பணம் என்பதால் அது கணக்கில் சேர்க்கப்படவில்லை.

சோதனைக்கு முன்பு, பெல்லின் பெயரைச் சொல்லாமல், இசை நடத்துநர் லெனார்ட் ஸ்லாட்கினிடம் நாளிதழ் கருத்துக் கேட்டிருந்தது. ஆயிரம் பேரில் 35, 40 பேர் தரத்தைக் கண்டுகொள்வார்கள், 75 முதல் 100 பேர் நின்று கேட்பார்கள், கூட்டம் சேரும், 150 டாலர் அளவுக்குக் கிடைக்கும் என்று அவர் சொன்னார். வாழ்நாள் முழுக்க இசைக்குழுக்களோடு இருந்தவரின் கணிப்பு ஏன் இவ்வளவு பிசகியது? அவர் இசையை வைத்துக் கணக்குப் போட்டார். போட வேண்டியது இடத்தை வைத்து.

இந்தச் சோதனையில் ஓர் அடிப்படைக் குறை உண்டு. ஒப்பிட எதுவும் இல்லை. அதே இடத்தில், அதே நேரத்தில், சாதாரண வயலின் கலைஞர் ஒருவரை இன்னொரு வெள்ளிக்கிழமை நிற்க வைத்து எண்ணியிருந்தால்தான் பெல்லின் தரம் எந்த அளவுக்கு எடுபட்டது, எடுபடவில்லை என்று பேச முடியும். அப்படி எண்ணவில்லை. ஆகவே 7 என்ற எண் பெரியதா சிறியதா என்று சொல்லவே வழியில்லை. ஒரு நல்ல நாளிதழ் கட்டுரைக்கு இது குறையாகாது. அறிவியல் முடிவாக அதைச் சுற்றுக்கு விடும்போதுதான் குறையாகிறது.

ஒப்பீட்டுக்குக் கொஞ்சம் உதவக்கூடிய இன்னொரு நிகழ்ச்சி உண்டு, வாட்ஸாப் செய்தியில் அது இருப்பதில்லை. 2014 செப்டம்பர் 30 அன்று, அதே வாஷிங்டனில், யூனியன் ஸ்டேஷன் ரயில் நிலையத்தில், அதே ஜோஷுவா பெல் மதிய வேளையில் வாசித்தார். அப்போதும் இலவசம்தான். ஆனால் முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். மண்டபம் நிரம்பி வழிந்தது. கலைஞர் அவரே, நகரம் அதே, இடமும் ஒரு ரயில் நிலையம்தான். மாறியவை நேரமும், அறிவிப்பும், வந்தவர்களின் நோக்கமும்.

எதிர்வினை என்பது எது?

நின்றார், நிற்கவில்லை என்ற இரண்டே கட்டங்களில் வழிப்போக்கர்களைப் போட்டுவிடுகிறோம். தெருவில் நடப்பதைப் பார்த்தால் குறைந்தது ஆறு வகை தெரியும்.

1. ஒலியே காதில் ஏறாதவர். காதில் இயர்போன் இருக்கலாம், போனில் பேசிக்கொண்டிருக்கலாம், ஏதாவது யோசனையில் இருக்கலாம்.
2. கேட்டும் காட்டிக்கொள்ளாதவர். பார்வை நேராக இருக்கும், நடை மாறாது.
3. நடையை மட்டும் மாற்றுபவர். வேகம் ஒரு கணம் குறையும், தலை திரும்பும், அப்புறம் பழையபடி போய்விடுவார்.
4. நிற்காமலே காசு போடுபவர்.
5. தள்ளி நின்று கேட்டுவிட்டு, காசு போடாமல் போகிறவர்.
6. நின்று கேட்டு, காசும் போட்டு, சில நேரம் ஒரு வார்த்தையும் பேசிவிட்டுப் போகிறவர்.

இரண்டாம் வகையையும் மூன்றாம் வகையையும் எந்தச் சோதனையும் ஒழுங்காக எண்ணியதாகத் தெரியவில்லை, எண்ணுவதும் கடினம். ஆனால் தெரு இசையின் உண்மையான கேட்போர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள் என்பது என் எண்ணம். இருபது வினாடி ஒரு மெட்டைக் கேட்டுவிட்டு அதை முணுமுணுத்தபடி அலுவலகம் வரை போகிறவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். பெல்லின் சோதனையிலும் அவர் கண்டுகொள்ளாமல் போனவர்களின் பட்டியலில்தான் சேர்ந்திருப்பார்.

நான்காம் வகை இன்னும் கவனிக்கத் தக்கது. வாஷிங்டனில் நின்றவர்கள் 7, கொடுத்தவர்கள் 27. அதாவது கொடுத்தவர்களில் பெரும்பாலோர் நிற்கவே இல்லை. வரிசையைப் பாருங்கள். பெல் தொடங்கி மூன்று நிமிடம் வரை எதுவும் நடக்கவில்லை, 63 பேர் போய்விட்டார்கள். அடுத்து வந்தவர் நடையைக் கொஞ்சம் தளர்த்தித் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். அரை நிமிடம் கழித்து ஒரு பெண் ஒரு டாலரைப் போட்டுவிட்டு விரைந்தார். ஒருவர் சுவரில் சாய்ந்து நின்று கேட்டது ஆறாவது நிமிடத்தில்தான். முதல் காசு விழுந்தபோது, நின்று கேட்க இன்னும் ஒருவரும் வந்திருக்கவில்லை.

அரை நிமிடக் கணக்கு

பெல் முதலில் எடுத்தது ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் எழுதிய ஷகோன் என்ற உருப்படி. தனி வயலினுக்காக எழுதப்பட்டவற்றில் மிகக் கடினமானவற்றுள் ஒன்று. வாசித்து முடிக்கவே சுமார் 14 நிமிடம் ஆகும். மெதுவாகக் கட்டி எழுப்பி, நடுவில் ஒரு திருப்பத்தைக் கொடுத்து, திரும்பவும் இறங்கும் அமைப்பு அது.

இப்போது நடப்பவரின் பக்கம் வருவோம். சாதாரணமாக ஒருவர் வினாடிக்கு சுமார் 1.4 மீட்டர் நடக்கிறார். இசை தெளிவாகக் கேட்கும் தூரம், கலைஞருக்கு முன்னும் பின்னும் சேர்த்து 40 மீட்டர் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், அவர் அதைக் கடக்க அரை நிமிடம்கூட ஆகாது. 14 நிமிட இசையில் அவருக்குக் கிடைப்பது முப்பதில் ஒரு பங்கு. அதுவும் தொடக்கமோ உச்சமோ இல்லாமல் ஏதோ ஒரு நடுத்துண்டு. கச்சேரி அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு இசை காலத்தில் விரிகிறது. வழிப்போக்கருக்கு அது ஓர் இடம். அதற்குள் நுழைந்து வெளியே போய்விடுகிறார்.

ஒலியின் இயல்பும் இதற்குத் துணை போகிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி அளவு 6 டெசிபல் குறையும். மூன்று மீட்டரில் நன்றாகக் கேட்பது பன்னிரண்டு மீட்டரில் 12 டெசிபல் இறங்கி, வண்டிச் சத்தத்தில் கரைந்துவிடும். சுரங்கப்பாதைகளில் கதை வேறு. ஓடு பதித்த சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பதால், வளைவுக்கு அப்பால் வரும்போதே பாட்டு காதில் விழுகிறது. முகம் தெரியும் முன்பே, நிற்கலாமா வேண்டாமா என்று யோசிக்க நடப்பவருக்குச் சில வினாடிகள் கூடுதலாகக் கிடைக்கின்றன. அனுபவமுள்ள கலைஞர்கள் நீண்ட நடைபாதையின் நடுப்பகுதியைத் தேடிப் பிடிப்பது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. தெருவில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளே அதிகம் ஒலிப்பதைப் பார்த்து, அதைத் தரக்குறைவு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. தெரிந்த பாட்டின் நான்கு வினாடியைக் கேட்டதுமே மீதியை நினைவு தானே நிரப்பிவிடும். அரை நிமிடத்தில் முழுப் பாட்டும் கிடைத்த மாதிரி இருக்கும். தெரியாத ஷகோனுக்கு அந்த வசதி கிடையாது.

அவசரம் என்ன செய்கிறது?

1973-இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். பிரின்ஸ்டனில் இறையியல் படிக்கும் மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் பேச அனுப்பினார்கள். வழியில் ஒருவர் வாசற்படியில் சரிந்து, இருமிக்கொண்டு கிடப்பார். அவருக்கு யார் உதவுகிறார்கள் என்பதுதான் கேள்வி. நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். ஓரளவு அவசரத்தில் இருந்தவர்களில் 45 சதவீதம். தாமதமாகிவிட்டது, ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். பாதிப் பேர் பேசப் போன பொருளே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய, பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதை. அதை மனத்தில் வைத்திருந்ததும் குறிப்பிடத்தக்க வித்தியாசத்தை உண்டாக்கவில்லை.

ஊழியம் செய்யப் படிப்பவர்கள், உதவியைப் பற்றியே பேசப் போகிறவர்கள், துன்பத்தில் கிடக்கும் மனிதனையே கடந்து போனார்கள் என்றால், வேலைக்குப் போகிறவர் வயலினைக் கடந்து போவதில் வியக்க என்ன இருக்கிறது?

வாஷிங்டனில் ஆறாவது நிமிடத்தில் சுவரில் சாய்ந்து நின்றாரே, அவரை இங்கே கொஞ்சம் பார்க்க வேண்டும். அரசுத் துறை ஒன்றில் வேலை செய்பவர். எஸ்கலேட்டரில் ஏறி வந்தவர், சத்தம் வரும் திசையைத் தேடினார், வயலின் கலைஞரைப் பார்த்தார், நகர்ந்தார், திரும்பி வந்தார். கைபேசியில் மணி பார்த்தார். வேலைக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. அந்த மூன்று நிமிடமும் நின்று கேட்டார். பிறகு பணம் போட்டுவிட்டுப் போனார். தெருவில் வாசிப்பவருக்கு அவர் பணம் கொடுத்தது அதுதான் முதல் முறை. செவ்வியல் இசையில் அவருக்குப் பெரிய பழக்கமும் கிடையாது. அவரிடம் இருந்ததெல்லாம் மூன்று நிமிடம். அன்று அந்தக் கூடத்தைக் கடந்தவர்களில் இன்னும் எத்தனை பேரிடம் அந்த மூன்று நிமிடம் இருந்திருக்கும் என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

இதனால்தான் ஒரே கலைஞருக்கு ஒரே இடத்தில் காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் விடுமுறை நாள் மதியத்துக்கும் மூன்று விதமான உலகங்கள் கிடைக்கின்றன. சுற்றுலாப் பயணி நிற்பதற்காகவே வந்தவர். அலுவலகம் போகிறவருக்கு நிற்பது என்பது தாமதம்.

பார்க்காமல் போவதும் ஒரு மரியாதை

பெருநகரத்தில் ஒருவரையொருவர் கண்டுகொள்ளாமல் போவதை எழுத்தாளர்கள் நூறாண்டுக்கு மேலாக வருத்தத்தோடு குறிப்பிட்டு வந்திருக்கிறார்கள். ஜெர்மானியச் சமூகவியலாளர் கியார்க் சிம்மல் 1903-இலேயே இதற்குக் காரணம் சொன்னார். நகரம் புலன்களின் மீது ஓயாமல் மோதுகிறது. எல்லாவற்றுக்கும் மனம் பதில் சொன்னால் தாங்காது. எனவே மனம் தன்னைக் காத்துக்கொள்ள ஒருவித மரத்த நிலைக்குப் போகிறது. 1970-இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் இதையே தகவல் சுமை என்ற கோணத்தில் விளக்கினார். தாங்கும் அளவுக்கு மேல் விஷயங்கள் வந்து குவியும்போது, நகரவாசி ஒவ்வொன்றுக்கும் குறைந்த நேரமே கொடுக்கிறார், முக்கியமில்லாததை வடிகட்டிவிடுகிறார்.

சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-இல் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். பொது இடத்தில் அந்நியர்கள் ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்து, இருப்பதை அறிந்துகொண்டு, உடனே பார்வையை விலக்கிக்கொள்கிறார்கள். உன்னைக் கவனித்துவிட்டேன், ஆனால் உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன் என்று சொல்லாமல் சொல்லும் வழி அது. கூட்டம் நிறைந்த இடத்தில் நிம்மதியாக நடக்க முடிவது இந்தப் பழக்கத்தால்தான்.

தெரு இசைக் கலைஞர் இந்த ஒப்பந்தத்தைக் குலைக்கிறார். அவர் பார்க்கப்படவே நிற்கிறார். நடப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் போகிறது. பார்த்தால் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடும். நின்று கேட்டுவிட்டுக் கொடுக்காமல் போனால் கடன்பட்ட மாதிரி உறுத்தும். பையில் சில்லறை இல்லாதவருக்கு மிச்சமிருக்கும் நாகரிகமான வழி, பார்க்காமலே போவது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களில் பலர் வெறுப்பில் போகவில்லை, கொடுக்க முடியாத கூச்சத்தில் போகிறார்கள். காலடிகளை எண்ணியபடி தரையைப் பார்த்து நடக்கும் அந்த உடல்மொழியைக் கூர்ந்து கவனித்தால் இது புரியும்.

பாட்டு முடியும் இடத்தில் இந்தச் சங்கடம் உச்சத்துக்குப் போகிறது. அரங்கில் கைதட்டல் எழும் நேரத்தில், தெருவில் ஒன்றும் நடக்காது. பெல்லுக்கு அன்று மிகவும் கஷ்டமாக இருந்தது அந்த நேரங்கள்தான். ஒவ்வோர் உருப்படி முடிந்ததும் வந்த அமைதியைச் சமாளிக்க, ஏதோ ஒரு ஸ்வரத்தை வில்லால் இழுத்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினார். அவர் வாசித்து முடித்தது அங்கிருந்தவர்களுக்குத் தெரியாது, ஏனென்றால் தொடக்கத்தைக் கேட்ட வழிப்போக்கர்கள் அநேகமாக யாரும் அப்போது அங்கே இல்லை.

கூட்டம் கூட்டத்தைச் சேர்க்கும்

1969-இல் மில்கிராமும் இரு சகாக்களும் வெளியிட்ட, நியூயார்க்கின் 42-ஆம் தெருவில் செய்த எளிய சோதனை ஒன்று இங்கே நேரடியாகப் பொருந்தும். நடைபாதையில் ஓர் ஆளை நிறுத்தி, எதிர்க் கட்டடத்தின் ஆறாவது மாடி ஜன்னலை ஒரு நிமிடம் அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். ஜன்னலில் விசேஷம் எதுவும் இல்லை. பிறகு ஆட்களின் எண்ணிக்கையை 15 வரை கூட்டினார்கள்.

ஒருவர் மட்டும் பார்த்தபோது, கடந்து போனவர்களில் 4 சதவீதம் பேர் நின்றார்கள். 15 பேர் பார்த்தபோது 40 சதவீதம் பேர் நின்றார்கள். நிற்காமல் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தவர்களையும் சேர்த்தால், முதலில் 42 சதவீதம், கடைசியில் 86 சதவீதம். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத ஜன்னலுக்கு இந்த நிலை.

இந்த எண்களில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. பார்ப்பது மலிவு, நிற்பது விலை கூடியது. ஆகவே நிற்க வைக்க அதிகப் பேர் தேவை. இரண்டாவது, முதல் சில பேர் சேர்வதுதான் கடினம், அதற்குப் பின் கூட்டமே கூட்டத்தை இழுக்கும். லான்ஃபான்ட் பிளாசாவில் அந்த முதல் சில பேர் ஒரே நேரத்தில் சேரவே இல்லை. நின்ற 7 பேரும் 43 நிமிடத்தில் சிதறி வந்தவர்கள். தனியாக நிற்பவர் மற்றவர் கண்ணில் கேட்பவராகத் தெரிவதில்லை, யாருக்காகவோ காத்திருப்பவராகத்தான் தெரிவார்.

தெருவில் வித்தை காட்டுபவர்கள் இதை எந்த ஆய்வும் படிக்காமலே அறிந்தவர்கள். கழைக்கூத்தாடுபவரும் மாயவித்தை செய்பவரும் முதலில் ஒரு வட்டத்தைக் கட்டுவார்கள். சத்தம் போட்டு, சிறுவர்களை முன்னால் உட்கார வைத்து, இதோ ஆரம்பிக்கப் போகிறது என்று இழுத்துப் பிடித்து, வட்டம் நிறைந்த பிறகுதான் உண்மையான வித்தை. இசைக் கலைஞர்களில் பெரும்பாலோருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் ஓடும் கூட்டத்துக்கு வாசிப்பவர்கள். வட்டம் கட்டுபவரின் வருமானம் நிகழ்ச்சி முடிவில் மொத்தமாக வரும். ஓடும் கூட்டத்துக்கு வாசிப்பவருக்குச் சில்லறையாகச் சொட்டும். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது.

காசு எப்போது விழுகிறது?

உளவியலாளர் ராபர்ட் சியால்டினி சொல்லும் ஒரு நிகழ்வு இது. நியூயார்க் சுரங்க ரயில் நிலையத்தில் வாசிக்கும் ஒருவருக்கு எத்தனை பேர் காசு போடுகிறார்கள் என்று அவருடைய ஆய்வாளர்கள் எண்ணினார்கள். பிறகு ஒரு மாற்றம் செய்தார்கள். வழிப்போக்கர் நெருங்கி வரும் நேரம் பார்த்து, அவர் கண்ணெதிரே தங்கள் ஆள் ஒருவர் காசு போட்டார். கொடுப்பவர்களின் எண்ணிக்கை எட்டு மடங்கானது. ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டபோது, பாட்டு பிடித்திருந்தது, இரக்கமாக இருந்தது என்றெல்லாம் சொன்னார்கள். முன்னால் ஒருவர் போட்டதைப் பார்த்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அவர்கள் பொய் சொல்லவில்லை. தம்மை அசைத்தது எது என்பது தமக்கே தெரியாமல் இருப்பது மனித இயல்பு. பெட்டியில் முதலில் தானே சில நோட்டுகளைப் போட்டுவைக்கும் பழக்கம் இதே அறிவில் பிறந்தது. காலிப் பெட்டி, இங்கே யாரும் கொடுப்பதில்லை என்று சொல்கிறது. வெறும் நாணயம் கிடந்தால் நாணயம் விழும், நோட்டு கிடந்தால் நோட்டு விழும்.

இப்போது கொடுக்கும் முறையே மாறிவருகிறது. பணத்தைக் கையில் எடுத்துப் போவது குறைந்ததால், 2018-இல் லண்டன் நகர நிர்வாகம் தெருக் கலைஞர்களுக்குக் கார்டைத் தொட்டுக் காட்டிப் பணம் பெறும் கருவிகளை ஒரு திட்டமாகவே கொண்டுவந்தது. க்யூஆர் குறியீட்டு அட்டைகளும் பல இடங்களில் வந்துவிட்டன. இதில் ஒரு லாபம் உண்டு, சில்லறை இல்லை என்ற கூச்சத்துக்கு மருந்து கிடைக்கிறது. நஷ்டமும் உண்டு. நடந்தபடியே நாணயத்தைப் போட முடியும், க்யூஆரைப் படம் பிடிக்க நிற்க வேண்டும், போனை எடுக்க வேண்டும், செயலியைத் திறக்க வேண்டும். நிற்காமல் கொடுப்பவர்தான் பெரும்பான்மை என்று மேலே பார்த்தோம். அவரை நிறுத்தினால் அவர் கொடுக்காமலே போகக்கூடும். அப்புறம், விழும் நாணயத்தின் சத்தமும் கண்ணில் படும் நோட்டும்தான் அடுத்தவருக்கு அழைப்பு. போனில் போன பணம் யாருக்கும் தெரியாது. தொட்டதும் சத்தமாக ஒலிக்கும் கருவி, தொகை முன்கூட்டியே குறிக்கப்பட்ட கருவி ஆகியவை இந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டும்.

குழந்தைகள்

வாஷிங்டன் சோதனையில் விதிவிலக்கில்லாமல் நடந்தது ஒன்றே ஒன்று. கடந்து போன ஒவ்வொரு குழந்தையும் நின்று பார்க்க முயன்றது. ஒவ்வொரு பெற்றோரும் இழுத்துக்கொண்டு போனார்கள். மூன்று வயதுப் பையன் ஒருவன் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனான். அவனுக்கும் வயலினுக்கும் நடுவில் அம்மா தன் உடம்பை நுழைத்து மறைத்துக்கொண்டார். அவருக்குப் பையனை விட்டுவிட்டு வகுப்புக்கு ஓட வேண்டியிருந்தது.

குழந்தைக்கு இயல்பான ரசனை இருக்கிறது, வளர்ந்தால் போய்விடுகிறது என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டிய நேரம் என்று எதுவும் கிடையாது. அந்நியரை உற்றுப் பார்க்கக் கூடாது என்ற பழக்கமும் இன்னும் படியவில்லை. பார்த்தால் கொடுக்க வேண்டுமே என்ற கவலையும் இல்லை. மேலே சொன்ன தடைகள் ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டால் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை அந்தக் குழந்தைகள் காட்டினார்கள்.

நகர முடியாதவர்கள்

இதுவரை பேசியது கடந்து போகிறவர்களைப் பற்றி. அரை நிமிடம் கேட்பவருக்கு இனிமையாக இருப்பது, எட்டு மணி நேரம் கேட்பவருக்கு என்னவாகும்? லான்ஃபான்ட் பிளாசாவில் காலணிக்குப் பாலிஷ் போடும் ஒரு பெண் இருந்தார். வாசிப்பவர்களின் சத்தம் வாடிக்கையாளரோடு பேசவிடாது என்பதால், வழக்கமாக அவர் காவலரை அழைத்துவிடுவார். பெல் நன்றாக வாசித்தார் என்பதால் அன்று அழைக்கவில்லை என்று பிறகு சொன்னார். நிலையத்தில் அன்று பெல்லை முழுதாகக் கேட்ட மிகச் சிலரில் அவரும் ஒருவர். தரத்தைப் பற்றிய அவருடைய சாட்சியத்தை நான் கடந்து போன ஆயிரம் பேரின் மௌனத்தைவிட அதிகமாக மதிக்கிறேன்.

லண்டனின் லெஸ்டர் சதுக்கத்தில் இந்த மோதல் நீதிமன்றம் வரை போனது. அங்கே அலுவலகம் வைத்திருக்கும் ஒரு நிறுவனம், நாள் முழுக்க அதே சில பாட்டுகள் ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப வருவதாகப் புகார் செய்தது. 2025-இல் நீதிபதி அதைத் தொல்லை என்று ஏற்று உத்தரவிட்டார். அந்தப் பகுதியை நிர்வகிக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் நகர சபை அந்த ஆண்டு ஏப்ரலில் அங்கே தெரு இசையை நிறுத்திவைத்தது. இங்கே பார்க்க வேண்டியது, ஓடும் கூட்டத்துக்கு வாசிப்பவருக்கு நாலைந்து பாட்டு போதும். அவருடைய கேட்போர் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறார்கள். அவருக்கு லாபமான அதே பழக்கம்தான் மேல்மாடியில் வேலை செய்பவருக்குத் தண்டனையாகிறது. யார் மீதும் கெட்ட எண்ணம் இல்லாமலே இது நடந்துவிடுகிறது.

ரயில் பெட்டிக்குள் வாசிப்பது இதன் இன்னொரு வடிவம். பயணியால் நகர முடியாது, பார்வையை விலக்கவும் இடமில்லை. கதவு திறக்கும் வரை கேட்டே ஆக வேண்டும். நடைபாதையில் புன்னகைத்துப் போகும் அதே ஆள் பெட்டிக்குள் முகம் சுளிப்பதற்கு இதுதான் காரணம்.

விதிகள் எதைச் சரிசெய்யும்?

பெரிய போக்குவரத்து அமைப்புகள் இதற்கு வெவ்வேறு வழிகளைக் கண்டிருக்கின்றன.

1. நியூயார்க் சுரங்க ரயிலில் 1980-களின் நடுவிலிருந்து, தேர்வு வைத்துக் கலைஞர்களுக்கு இடம் ஒதுக்கும் திட்டம் நடக்கிறது. அதில் சேராதவர்களும் வாசிக்கலாம், ஆனால் நடைமேடையில் ஒலிபெருக்கி கூடாது.
2. பாரிஸ் மெட்ரோ 1997 முதல் தேர்வு வைத்து அடையாள அட்டை தருகிறது. நடைகூடங்களில் வாசிக்கலாம், ரயில் பெட்டிக்குள் கூடாது.
3. லண்டன் சுரங்க ரயிலில் 2003 முதல் உரிமம் உண்டு. தரையில் குறித்த இடங்களில், நேரம் பிரித்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

தேர்வு வைப்பது தரத்துக்காக என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். வழிப்போக்கரின் நடத்தையைப் பார்த்தால் அதைவிட முக்கியமானவை வேறு. தரையில் ஒரு குறியீடு இருந்தால், இவர் இங்கே நிற்க அனுமதி பெற்றவர் என்று நடப்பவருக்குத் தெரிகிறது, தயக்கத்தில் பாதி அங்கேயே போய்விடும். நடக்கும் பாதைக்குச் சற்று விலகி, சுவரோரமாக நிற்க இடம் இருந்தால், மூன்று நிமிடம் வைத்திருப்பவர் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் அதைச் செலவிடலாம். எஸ்கலேட்டர் வாயிலில் அந்த வசதி கிடையாது. அங்கே நிற்பவரைப் பின்னால் வருபவர்களே தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். நேரம் பிரித்துக் கொடுத்தால் ஒரே நான்கு பாட்டை நாள் முழுக்கக் கேட்கும் கொடுமையிலிருந்து கடைக்காரரும் தப்பிப்பார். ஒலிபெருக்கியை அளவோடு வைத்தால் இரண்டாவது மாடியில் இருப்பவரும் தப்பிப்பார்.

வாசிப்பவருக்கும் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன. காலை எட்டு மணிக்கு வாசித்தால் நின்று கேட்பவர்களை எதிர்பார்க்க வேண்டாம், நிற்காமல் கொடுப்பவர்களுக்கு வசதியாகப் பெட்டியைப் பாதையின் ஓரத்திலேயே வைக்கலாம். நீண்ட உருப்படிகளை மாலைக்கும் விடுமுறை நாளுக்கும் வைத்துக்கொள்ளலாம். நண்பர்கள் இரண்டு மூன்று பேர் தொடக்கத்தில் எதிரே வந்து நின்றால், நான்காவது ஆளாக ஓர் அந்நியர் நிற்பது எளிதாகிவிடும்.